அரிக்கிறதா? சந்தோஷம்!

தொழுநோய் என்பது ஒரு சாதாரண நோய், அதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை என்று தெருத்தெருவாகச் சொல்வதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அந்தச் சம்பளத்தை முதல்முறை வாங்குவதற்கு முன்பே, எனக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று நானாக முடிவுசெய்து, தனித் தட்டில் சாப்பிட்டுத் தனிப் பாயில் படுத்தவன் நான்.

குளிக்கப் போகும்போது இடது மணிக்கட்டில் பார்த்தேன். வெளிறிய தேமல். ஓரம் தெளிவாக இருந்தது. பயிற்சியில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த அதே தோற்றம். பஞ்சைத் திரித்து, கண்ணை மூடிக்கொண்டு, தேமலில் தொட்டுப் பார்த்தேன். உணர்ச்சி இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தொடுகிறவனும் தொடப்படுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆவடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. காரணம் சொல்லாமல் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் படுத்தேன். தன் சாம்பார் எனக்குப் பிடிக்கவில்லை என்று என் மனைவி முடிவுகட்டினாள். அவள் பங்குக்கு அவளும் பேசவில்லை.

கடைசியில் எங்கள் டாக்டரம்மா முன்னால் போய், தூக்குமேடைக்குப் போகிறவனுடைய கம்பீரத்தோடு கையை நீட்டினேன். அவர் பெயர் எஸ்தர். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கைக்கடிகாரம் எந்தக் கையில கட்டுவீங்க?"

"இந்தக் கையிலதான் டாக்டர்."

"அப்புறம்?" என்றார்.

அப்புறம் ஒன்றும் இல்லை. கடிகாரப் பட்டைக்கு அடியில் வெயில் படாது. அவ்வளவுதான் என் நோய்.

இதை இப்போது எழுதக் காரணம், சமீபத்தில் ஆவடியில் நடந்த ஒரு கூட்டம். சுகாதாரப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், நான் முன்பு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டாள். சொன்னேன். "இந்த ஒரு வியாதிக்குன்னே தனியா ஒரு ஆளா சார்? நாள் முழுக்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். கிண்டலில்லை, உண்மையான ஆச்சரியம். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தனிப் பிரிவைப் பொது மருத்துவமனையோடு சேர்த்துவிட்டார்கள். ஒழிக்கச் சொன்ன நோயோடு எங்கள் நாற்காலிகளையும் சேர்த்தே ஒழித்தார்கள் என்று நாங்கள் அப்போது புலம்பினோம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான், அடடா, இதற்காகத்தானே இத்தனை வருஷம் அலைந்தோம் என்று பட்டது. நாள் முழுக்க என்ன செய்தோம் என்பதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்?

முதலில் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், வெளிர்நிறப் பருத்திப் புடவை, தோளில் ஒரு பெரிய துணிப்பை. பையில் எப்போதும் வறுத்த கடலை. 'உங்களுக்குத் தொழுநோய்' என்பதை அவர் சொல்லும் விதம், பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பஸ் நம்பரைப் படித்துச் சொல்வது போல இருக்கும். குரல் இறங்காது, ஏறாது. நோயாளி அழத் தயாராக முகத்தைச் சுளித்தால், அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" அழ வந்தவர் இட்லிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு அவர் விதித்த தடைகள் விசித்திரமானவை. கையுறை கூடாது. அது எல்லோரும் சொல்வதுதான். நோயாளியின் தோளைத் தட்டிக்கொடுக்கவும் கூடாது என்றார்.

"ஏன் டாக்டர்? ஆறுதலா இருக்குமே."

"சளி பிடிச்சு வந்தா தோளைத் தட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இதுக்கு மட்டும் எதுக்கு?"

எங்கள் பிரிவின் ஜீப்பில் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்தாலே தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். அவர் ஜீப்பை மெயின் ரோட்டு மரத்தடியிலேயே நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்தே உள்ளே போவார். அம்பத்தூரில் நாங்கள் நடத்திய வியாழக்கிழமை முகாமையும் 'எல்லாத் தோல் நோய்களுக்கும்' என்று மாற்றிவைத்தவர் அவர்தான். சொறி, சிரங்கு, வியர்க்குரு, படர்தாமரை, எங்கள் நோய், எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. முன்னால் நிற்பவருக்கு என்ன என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அரிக்குதா?" ஆமாம் என்றால், "சந்தோஷம்" என்பார். எங்கள் நோயின் தேமல் அரிக்காது, வலிக்காது. தொட்டால் தெரியவும் தெரியாது. அதுதான் அதன் தந்திரம். அதனால் சொறிந்துகொண்டே வருகிறவர்கள் எல்லாம் எங்களுக்கு நல்ல செய்தி.

இனி தேவராஜ் கதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில், ஒரு கடைத்தெருவில் தேவராஜுக்கு சலூன் இருந்தது. ஒரே நாற்காலி, ஒரு பெஞ்சு, எதிரெதிராக இரண்டு கண்ணாடி. ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களை நம்பிய கடை. பக்கத்துக் கடை தையல்காரர் காதர் பாய், பூந்தமல்லியிலிருந்து தினமும் வருகிறவர். இரண்டு கடைகளுக்கும் சொந்தக்காரர், அதே வரிசையில் அரிசிக் கடை வைத்திருந்த கஜபதி.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் அந்தப் பகுதிக்குப் புதிது. ஒரு மாசி மாதக் காலையில் சவரத்துக்காகத்தான் உள்ளே போனேன். தேவராஜ் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதித்துக்கொண்டிருந்த அலுமினியக் கெட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினார். பேச்சு சுவாரசியத்தில், ஊற்றி முடித்த பிறகும் கெட்டிலைப் பிடித்தபடியே நின்றார். அவருடைய வலது உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரல் பக்கம், கெட்டிலின் வயிற்றில் அழுந்தியிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த எனக்குச் சுட்டது. அவருக்குச் சுடவில்லை.

நான் நாற்காலியில் துள்ளினேன்.

"இன்னா சார், கீறிட்டனா? கத்தியே இன்னும் எடுக்கலியே!"

"கை... உங்க கை."

"கையி இன்னா?" கெட்டிலை வைத்துவிட்டுப் பார்த்தார். ஓரத்தில் ஏற்கெனவே பழைய கொப்புளம் ஒன்று காய்ந்திருந்தது. "அட, இதுவா? கத்திரி புடிச்சுப் புடிச்சு மரத்துப் போச்சு சார். தொழில்னா அப்டித்தான்."

இருபது வருஷம் கத்திரி பிடித்தால் காய்ப்புத்தான் வரும், மரத்துப் போகாது. அதை அப்போது சொல்லவில்லை. வியாழக்கிழமை அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மா வருகிறார், தோலுக்கும் நரம்புக்கும் நன்றாகப் பார்ப்பார் என்று மட்டும் சொன்னேன். சவரம் முடியும்வரை கவனித்தேன். கத்தியின் வால் பகுதியைத் தாங்க வேண்டிய சுண்டுவிரல் தாங்காமல் சற்று விலகியே நின்றது.

வந்தார். டாக்டரம்மா சோதனை செய்த விதத்தை இன்றும் அப்படியே சொல்லிவிடுவேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்தார். வலது முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தேமல். பஞ்சுத் திரியால் நல்ல தோலில் ஒருமுறை தொட்டுக் காட்டினார். "இப்படித்தான் தொடுவேன். கண்ணை மூடிக்கிட்டு, தொட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுங்க." தோளில் தொட்டார், தேவராஜ் காட்டினார். மார்பில் தொட்டார், காட்டினார். தேமலில் தொட்டார். தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். மறுபடி தொட்டார். "தொடும்மா, ரெடியாத்தான் கீறேன்" என்றார் தேவராஜ்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன்.

பிறகு முழங்கையை மடக்கச் சொல்லி, உள்பக்க எலும்பை ஒட்டி விரலால் உருட்டிப் பார்த்தார். சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று மின்சாரம் ஓடுமே, அந்த நரம்பு. கயிறு போலத் தடித்திருந்தது. கடைசியாக, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி வைத்திருந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, தேவராஜின் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, விரலை நீட்டியபடியே இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவது போல வந்துவிட்டது.

"தேவராஜ், உங்களுக்கு வந்திருக்கிறது தொழுநோய். ஆறு மாசம் மாத்திரை. நரம்பு வீங்கியிருக்கு, அதுக்குத் தனியா மாத்திரை, விரலுக்குப் பயிற்சி. மாசத்துக்கு ஒருநாள் இங்க வந்து ஒரு சிவப்பு மாத்திரை போடணும். அன்னிக்கு சிறுநீர் சிவப்பாப் போகும், பயந்துக்க வேண்டாம். கெட்டிலைப் பிடிக்கும்போது துணி சுத்திப் பிடிங்க. காலையில சாப்பிட்டாச்சா?"

தேவராஜ் இடி விழுவதற்காகக் காத்திருப்பவர் போல நின்றார். "அவ்ளோதானாம்மா?"

"வேற என்ன வேணும்?"

"இல்ல... கடை... என் கையி..."

"கடையை நடத்துங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னா யாருக்கும் ஒட்டாது. இப்பவே வந்ததால விரல் திரும்ப வாய்ப்பு இருக்கு. அடுத்த ஆளு."

இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் இருந்தேனே.

எனக்குள் ஒரு லட்சியவாதி உட்கார்ந்திருந்தான். நிறையப் படித்தவன் வேறு. இந்த மனிதனை உலகம் ஒதுக்கும் முன் நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும், தெருவைப் பார்த்திருக்கும் அந்த நாற்காலியில், தாடையை உயர்த்தி உட்கார்ந்தேன். "என்ன அருமையான கை! அம்பத்தூரிலேயே இப்படிக் கை கிடையாது" என்று பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். எனக்கு அதிகம் தாடி வளராது. முந்தின சனிக்கிழமை வழித்த இடத்தையே தேவராஜ் மரியாதைக்காக மறுபடி வழித்துவிட்டார்.

அதே மாதங்களில் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு பட்டறையிலும் எங்கள் கணக்கெடுப்பு நடந்தது. தொழிலாளர்களைச் சட்டையில்லாமல் வரிசையில் நிறுத்தித் தேமல் தேடியவன் நான். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் எல்லோருக்கும் என் முகம் பழகிவிட்டது. என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. 'குஷ்ட சாரு' என்றால் எல்லோருக்கும் தெரியும். சினிமா நடிகரைப் போல எங்கே போனாலும் அடையாளம் கண்டுகொண்டார்கள். வித்தியாசம் என்னவென்றால், என்னைக் கண்டவர்கள் கிட்ட வரவில்லை.

அந்த முகத்தைத்தான் நான் வாராவாரம் கொண்டுபோய் தேவராஜின் கண்ணாடியில் மாட்டிவைத்தேன்.

"குஷ்ட சாரு இன்னாத்துக்குபா இந்தக் கடைக்கு வந்துகினே கீறாரு?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பதில் தேட யாரும் சிரமப்படவில்லை. ஆனி மாதம் பிறப்பதற்குள் பெஞ்சு காலி. நரம்புக்குக் கொடுத்த மாத்திரையால் தேவராஜின் கன்னம் வேறு உப்பியிருந்தது. அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்தார்கள். கஜபதி வந்து, வாசலுக்கு வெளியேயே நின்று, "ஆடியில எவனும் கடைக்குப் புதுசா வரமாட்டான். அதனால ஆடி முடியட்டும். ஆவணி பொறந்தா காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல வந்து தாடையை உயர்த்தினேன். தேவராஜ் சோப்பு நுரையைக் குழைக்கவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"சார், நீ நல்லவன் சார். இல்லன்னு சொல்லல. ஆனா நீ வராத சார்."

"ஏன்?"

"நீ வந்து குந்திகினு கீறதால, நீ போனப்பறம் ஒருத்தன் வரமாட்டேன்றான். வியாதி வந்து என் கடைக்கு ஒண்ணும் ஆவல. நீ வந்துதான் ஆச்சு." கோபமே இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. "ரெண்டு வெரல நான் தேத்திக்குவேன். எடம் போச்சுன்னா வெரல வெச்சிகினு இன்னா பண்றது?"

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலையைக் கொறித்தபடியே கேட்டார்.

"தேவராஜ் கையைத் தொட்டா நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நாலு பேருக்குக் காட்டணும்னு நெனச்சேன் டாக்டர்."

"காட்டினீங்க. நீங்க தைரியசாலின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தைரியம் தேவைப்படுற கடையில யாராவது முடிவெட்டிக்குவாங்களா?"

இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"உங்க கைக்கடிகாரப் பட்டை ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் எழுந்து வந்து, உங்க கையைப் பிடிச்சு, 'பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்'னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அங்கேயே உயிர் போயிருக்கும்."

"அவ்வளவுதான். இப்ப உங்க முகத்துக்கு ஒரு அர்த்தம் வந்துடுச்சு. அதை இல்லாமப் பண்ணணும். அந்தத் தெருவுல எத்தனை கடை இருக்கோ அத்தனை கடையிலயும் போய் உட்காருங்க. ஒண்ணும் பேச வேண்டாம். சலிச்சுப் போற வரைக்கும் உட்காருங்க."

"யாருக்கு சலிச்சுப் போற வரைக்கும்?"

"அவங்களுக்கு."

ஆடி மாதம் முழுவதும், கணக்கெடுப்பு முடிந்த கையோடு, நான் அந்தத் தெருவில் உட்கார்ந்தேன். டீக்கடையில் உட்கார்ந்தேன். சைக்கிள் கடையில் உட்கார்ந்தேன். பாத்திரக் கடை, மருந்துக் கடை, கஜபதியின் அரிசிக் கடை, எதையும் விடவில்லை. தேவராஜ் கடைக்கு மட்டும் போகவில்லை. முதல் வாரம் தெருவே அலறியது. காதர் பாய் கையைக் கூப்பிவிட்டார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஜாக்கெட் அளவு குடுக்க வந்த பொம்பளைங்க, உங்களப் பாத்துட்டுத் துணியோட திரும்பிப் போறாங்க. அந்த டீக்கடையில குந்துங்களேன்."

"அங்கதான் பாய் இருந்தேன். அவர்தான் உங்க கடையைக் காட்டினார்."

"அவன் வெளங்குவானா!"

கஜபதி மூட்டைக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். "அரிசி வேணுமா சார்?" என்பார். வேண்டாம் என்பேன். "அப்பறம் இன்னாத்துக்கு?" சும்மா என்பேன். சும்மா என்ற சொல்லுக்கு அவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆனால் டாக்டரம்மா சொன்னது போலவே நடந்தது. ஒரே ஆளை எத்தனை நாள்தான் பயத்தோடு பார்க்க முடியும்? எல்லாக் கடையிலும் அவர் உட்காருகிறார் என்றால் எல்லாக் கடைக்காரருக்குமா நோய்? இரண்டாவது வாரம் என்னைக் கவனிப்பது குறைந்தது. மூன்றாவது வாரம் எனக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தார்கள். காதர் பாய் தொழுகைக்குப் போகும்போது, "சார், கடையப் பாத்துக்கோங்க. நீல ஜாக்கெட் கேட்டு வந்தா நாளைக்குன்னு சொல்லுங்க" என்று விட்டுப் போனார். ஜாக்கெட்டுக்காரப் பெண்மணி என்னைத்தான் திட்டிவிட்டுப் போனாள். டீக்கடையில் பழைய பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெண்கள் குழந்தைகளின் சிரங்கைக் காட்டினார்கள். "அரிக்குதா?" என்று கேட்டு, "சந்தோஷம்" என்றேன். அது தெருவில் தொற்றிக்கொண்டது. எவனாவது முதுகைச் சொறிந்தால் போதும், எதிர்க் கடையிலிருந்து குரல் வரும்: "இன்னா மச்சான், அரிக்குதா? சந்தோஷம்!"

அப்படியும் தேவராஜ் கடைக்குப் பெரிதாகக் கூட்டம் திரும்பவில்லை. நாலைந்து பேர் வந்தார்கள். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. கஜபதி புது ஆளுக்கு முன்பணம் பேசி முடித்துவிட்டதாகக் காதர் பாய் சொன்னார். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் காலை, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினால், தூணுக்குப் பின்னாலிருந்து கஜபதி வெளியே வந்தார். அந்த உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை.

"சார், ஒரு நிமிஷம். யார்கிட்டயும் சொல்லாத சார். இடுப்புல ஒண்ணு கீது." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "வட்டமா. நீ வந்து என் கடையில குந்தினதுலேந்துதான் சார்."

"அரிக்குதா?"

"அரிச்சு உயிரு போவுது."

"சந்தோஷம்."

"சார், வெளையாடாத சார். நாலு நாளா ஊட்ல தனியாத் தூங்குறேன். சம்சாரம் இன்னான்னு கேக்குது. எனக்குப் பொண்ணு கீது சார், கல்யாணத்துக்கு நிக்குது."

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தனித் தட்டும் தனிப் பாயும் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டேன். அது படர்தாமரையாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்றேன். நம்பவில்லை. பெரிய டாக்டர் சொல்ல வேண்டும் என்றார். வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

அன்றுதான் தேவராஜுக்குக் கடைசி மாத்திரை. வரிசையில் நின்றிருந்தார். துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு வந்த கஜபதி, யார் பின்னால் நிற்கிறோம் என்று பார்க்காமலே நின்றுவிட்டார். தேவராஜ் திரும்பிப் பார்த்தார். கஜபதி நழுவப் பார்த்தார், பின்னால் ஒரு அம்மாள் இடுப்பில் குழந்தையோடு வழியை அடைத்திருந்தாள்.

தேவராஜ் முறை வந்தது. டாக்டரம்மா பஞ்சால் தொட்டார். முழங்கை நரம்பை உருட்டினார். கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்தார். "இறுக்கிப் பிடிங்க." இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். தேவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அட்டை கிழிந்தது. பாதி டாக்டரம்மா கையில், பாதி தேவராஜ் விரலில்.

நான் கைதட்டியிருப்பேன். டாக்டரம்மா கிழிந்த பாதியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அதே பஸ் நம்பர் குரலில், "சரி. மாத்திரை முடிஞ்சுது. இனிமே வர வேண்டாம். ஏதாவது மாறினா மட்டும் வாங்க. அடுத்த ஆளு" என்றார்.

கஜபதி சட்டையைத் தூக்கினார்.

"அரிக்குதா?"

"ஆமாம்மா."

"சந்தோஷம். களிம்பு தர்றேன், விடாம மூணு வாரம் தடவுங்க."

"அம்மா... அது இல்லியே?"

"எது?"

கஜபதி கண்ணாலேயே தேவராஜைக் காட்டினார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவா? அது இல்ல. அதுக்கு மாத்திரை உண்டு, அவரு சாப்பிட்டு முடிச்சாச்சு. அவருகிட்டேருந்து யாருக்கும் வராது. உங்களோடது படர்தாமரை. இதுதான் ஒட்டும். வேட்டி, துண்டு எல்லாத்தையும் வெந்நீர்ல துவைங்க. உங்க துண்டை வேற யாரும் தொட வேண்டாம்."

கஜபதி தோளில் கிடந்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வாசல்வரை போய்விட்ட தேவராஜ் திரும்பினார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணாத்தே, நம்ம கடைக்கு வந்தா ஊட்லேந்து துண்டு எடுத்துகினு வந்துடு. இன்னா, நாலு பேரு வந்து போற எடம் பாரு."

முதலில் சிரித்தது குழந்தையோடு நின்ற அம்மாள். பிறகு கஜபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாள் தனிப்பாயில் படுத்து எழுந்தவனின் சிரிப்பு அது. எனக்கு அதன் ருசி தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஜபதி, வீட்டுத் துண்டோடு, தேவராஜின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மனம் திருந்தி வந்தார் என்று எழுத ஆசைதான். இடுப்புச் சமாசாரம் வெளியே போகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். கட்டடத்துக்காரரே கழுத்தைக் கொடுக்கிறார் என்று பார்த்தவர்கள், தங்கள் கழுத்துக்கு மட்டும் என்ன என்று வந்தார்கள். பெஞ்சு நிரம்பியது. ஆவணி பிறந்தது, போனது. காலி செய்யும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தேவராஜும் கஜபதியின் இடுப்பைப் பற்றிக் கடைசிவரை மூச்சுவிடவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நல்லது. நீங்க இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் முடிவெட்டிக்க வேண்டாம்" என்றார். கடலையை என் பக்கம் நகர்த்தினார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது. சில வருஷங்களில் மாற்றலாகி ஊர்ப்பக்கம் போய்விட்டார். பிரிவுபசார விழாவுக்குக் கூப்பிட்டோம். எதற்கு என்று கேட்டுவிட்டு ரயில் ஏறினார்.

ஓய்வுபெற்ற பிறகு, இனிமேல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற தைரியத்தில், ஒரு சனிக்கிழமை தேவராஜ் கடைக்குப் போனேன். கடையில் இரண்டு நாற்காலி ஆகியிருந்தது. கெட்டில் கைப்பிடியில் இன்னமும் துணி சுற்றியிருந்தது. சுண்டுவிரல் கத்தியின் வாலில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. காதர் பாய் பெஞ்சில் தினசரியோடு இருந்தார். தேவராஜ் என் தலையைச் சுற்றி வந்து, வெட்டுவதற்கு முடி தேடிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் காத்திருந்த ஒருவர், தொழிற்பேட்டைக்குப் புதியவர் போலிருக்கிறது, "யாரு பாய் இவரு? எங்கியோ பாத்த மாரி கீது" என்று மெல்லக் கேட்டார்.

நான் கண்ணாடியில் முகத்தைச் சற்றுத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

காதர் பாய் தினசரியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "இவரா? முன்ன கவர்மெண்டுல இருந்தாரு. இந்தக் கொசு மருந்து அடிப்பாங்களே, அந்த டிபார்ட்மெண்டு."

தேவராஜைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவராவது திருத்துவார் என்று ஒரு நப்பாசை. அவர் கத்திரியை நிறுத்தாமல், கண்ணாடி வழியாக அந்தப் புது ஆளிடம் சொன்னார்:

"ஆமா. அதையும் ஒழுங்கா அடிக்கல. எங்க தெருவுல கொசு இன்னும் போவல பாரு."